உடைத்தால்தான் பெயர் தெரியும்! கட்ச் மலைகளில் சிதறிக் கிடக்கும் 16 கோடி வயது 'விளக்குச் சிப்பிகள்'

குஜராத்தின் கட்ச் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது வெள்ளை வெளேரென்ற உப்புப் பாலைவனம்தான். நிலா வெளிச்சத்தில் ரண் உற்சவக் கூடாரங்கள், கண்ணாடிச் சில்லு வைத்துத் தைத்த துணிகள் என ரீல்ஸில் பார்த்த காட்சிகள் வரிசை கட்டும். செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு 'வாசுகி' பாம்பும் ஞாபகம் வரலாம். கட்ச்சின் பானந்த்ரோ பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த முதுகெலும்புகளை வைத்து, 11 முதல் 15 மீட்டர் நீளம் இருந்திருக்கும் என 2024-ல் ஆய்வாளர்கள் கணித்த பாம்பு அது. அதற்கு முன் 2017-ல், லோடாய் கிராமத்துக்கு அருகே கிடைத்த சுமார் ஐந்தரை மீட்டர் நீள 'இக்தியோசார்' கடல் ஊர்வனவின் எலும்புக்கூடு தலைப்புச் செய்தியானது.

இப்படிப்பட்ட பிரமாண்டங்கள் கிடைத்த அதே மாவட்டத்தில், நெல்லிக்காய் அளவில் சில உருண்டைக் கற்கள் மலைச்சரிவு எங்கும் கிடக்கின்றன. யாரும் செல்ஃபி எடுத்துக்கொள்வதில்லை. ஆனால், இந்தியா ஒரு காலத்தில் எந்தக் கண்டத்துக்குப் பக்கத்தில் இருந்தது என்ற கேள்விக்குச் சாட்சி சொல்லும் உயிர்களில் இவையும் உண்டு. சிக்கல் என்னவென்றால், அந்தச் சாட்சி ஓட்டுக்குள்ளே பூட்டிக் கிடக்கிறது. பூட்டைத் திறக்க வேண்டுமென்றால், சிப்பியையே இழக்க வேண்டியிருக்கும்.

நறுக்கிய வெங்காயம் போல ஒரு மலை

கட்ச் மாவட்டத் தலைநகர் பூஜ். அங்கிருந்து வடமேற்கே, ரண் உப்புவெளியின் ஓரத்தில் இருக்கிறது ஜுமாரா. வழியெங்கும் நம் ராமநாதபுரத்தை நினைவூட்டும் சீமைக் கருவேலம். அது முடியும் இடத்தில் செம்மண்ணும் சாம்பலும் கலந்த நிறத்தில் மொட்டைக் குன்றுகள் தொடங்குகின்றன.

இந்தக் குன்றுகளை நிலவியலாளர்கள் 'டோம்' என்கிறார்கள். பாறை அடுக்குகள் பூமிக்கு அடியிலிருந்து கவிழ்த்த கிண்ணம் போல மேலே தள்ளப்பட்டு, பிறகு காற்றாலும் மழையாலும் மேல்பகுதி தேய்ந்துபோனவை. விளைவு, குறுக்கே நறுக்கிய பெரிய வெங்காயம் மாதிரியான ஒரு நிலம். நடுவில் மிகப் பழைய அடுக்கு. அதைச் சுற்றி வளையம் வளையமாக இளைய அடுக்குகள். நடுவிலிருந்து வெளியே நடந்து வந்தால், பல பத்து லட்சம் ஆண்டுகளை அரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஜுமாரா மட்டுமல்ல, ஜுரா, ஹபோ, கீரா என்று இதேபோன்ற டோம்கள் ரண் ஓரமாக வரிசையாக இருக்கின்றன.

இந்த அடுக்குகளின் உச்சியில் 'தோசா ஊலைட்' என்று பெயர் பெற்ற செம்பழுப்புப் பாறை வரும். தோசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தோசா என்பது அங்குள்ள கிராமத்தின் பெயர். உற்றுப் பார்த்தால் கேழ்வரகு மணிகளை அள்ளி ஒட்டியதுபோல இருக்கும். சுருள் சுருளான அமோனைட் படிவங்களுக்குப் பெயர்போன பாறை இது. அதற்குக் கீழுள்ள சுண்ணாம்பு, களிமண் அடுக்குகளில் பவளம், கடற்பஞ்சு ஆகியவற்றோடு கூட்டம் கூட்டமாக இருப்பவைதான் நம் கதையின் நாயகர்களான பிராக்கியோபாட்கள். வயது, ஏறக்குறைய 16 கோடி ஆண்டுகள். ஜுராசிக் காலத்தின் நடுப்பகுதி. அப்போது இந்த இடம் ஆழமில்லாத கடல்.

சிப்பி மாதிரி, ஆனால் சிப்பி இல்லை

பிராக்கியோபாட் என்ற பெயர் புதிதாக இருக்கலாம். ஆங்கிலத்தில் இதற்கு 'விளக்குச் சிப்பி' என்று பொருள் தரும் செல்லப்பெயர் உண்டு. பழைய ரோமானிய எண்ணெய் விளக்கின் வடிவத்தில் இருப்பதால் வந்த பெயர். ஒரு முனை கூராகக் கிளி மூக்குபோல வளைந்திருக்கும். அந்த மூக்கில் ஒரு சின்னத் துளை. விளக்கென்றால் அதில் திரி இருந்திருக்கும். சிப்பியில், அந்தத் துளை வழியாகத் தண்டு போன்ற ஒரு சதை வெளியே வந்து கடலடிப் பாறையைப் பற்றிக்கொள்ளும்.

சாதாரண மட்டியிலிருந்து இதைப் பிரித்தறிவது எளிது. மட்டியின் இரண்டு ஓடுகளும் கூப்பிய இரு கைகள் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். பிராக்கியோபாட்டின் கீழ் ஓடும் மேல் ஓடும் அளவில் வேறுபடும். ஆனால், ஒரே ஓட்டை எடுத்துப் பார்த்தால், நம் முகம் மாதிரி இடப்பாதியும் வலப்பாதியும் ஒத்திருக்கும். இந்த ஒரு சோதனை தெரிந்தால், புதைபடிவம் கையில் கிடைத்த குழந்தைகூட பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும்.

இன்னொரு வித்தியாசமும் முக்கியம். மட்டியின் ஓடுகளைத் திறந்துவைக்க ஸ்பிரிங் மாதிரி ஒரு தசைநார் இருக்கிறது. மட்டி இறந்ததும் மூடும் தசை தளர்ந்து ஓடு தானாகத் திறந்துகொள்ளும். மெரினாவில் பொறுக்கும் கிளிஞ்சல்கள் பெரும்பாலும் ஒற்றை ஓடாகவே கிடைப்பதற்கு இதுதான் காரணம். பிராக்கியோபாட்டுக்கு அந்த ஸ்பிரிங் கிடையாது. மூடவும் தசை, திறக்கவும் தசை. உயிர் போனால் திறப்பதற்கு ஆளில்லை. பல்லும் குழியுமாகக் கீல் பூட்டிக்கொண்டிருப்பதால் மூடியது மூடியபடியே புதைந்துபோகும். உள்ளே சேறு நிரம்பும்; அது கல்லாக இறுகும்.

ஜுமாராவில் இவை முழுசு முழுசாகக் கிடைப்பது இப்படித்தான். பொறுக்குபவருக்கு மகிழ்ச்சி, உள்ளே பார்க்க நினைக்கும் ஆய்வாளருக்குத் தலைவலி.

கொழுக்கட்டைக்குள் என்ன பூரணம்?

விநாயகர் சதுர்த்திக்குத் தட்டில் அடுக்கிய கொழுக்கட்டைகளை நினைத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப் பூரணமா, எள்ளுப் பூரணமா, உளுந்துப் பூரணமா? மேல் மாவைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பிராக்கியோபாட்களும் அப்படித்தான்.

ஜுராசிக் காலத்தில் இவற்றில் இரண்டு பெரிய குடும்பங்கள் செழித்திருந்தன. ஒன்று, ரிங்கோனெல்லிட். விசிறி மடிப்பு போல வரிவரியான ஓடு. இரண்டு ஓடுகளும் சேரும் விளிம்பு ரம்பப் பல் மாதிரி வளைந்து வளைந்து போகும். இன்னொன்று, டெரப்ராடுலிட். வழவழப்பான ஓடு, முன்விளிம்பில் மட்டும் ஒன்றிரண்டு மடிப்பு. இந்தக் குடும்ப வித்தியாசம் வெளியிலேயே தெரியும். குடும்பத்துக்குள் யார் யாருக்குச் சொந்தம் என்று பார்க்கும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

கடல் ஒரே மாதிரி இருந்தால், அதில் வாழும் உயிரின் உருவமும் ஒரே மாதிரி ஆகிவிட வாய்ப்பிருக்கிறது. ரம்பப் பல் விளிம்பையே எடுத்துக்கொள்ளலாம். ஓட்டைக் கொஞ்சமாகத் திறந்தாலே போதும், விளிம்பு நீளமாக இருப்பதால் தண்ணீர் நிறைய உள்ளே வரும். இடுக்கு சின்னதாக இருப்பதால் மணல் வராது. இந்த வசதி தேவைப்பட்ட, சொந்தமே இல்லாத பல இனங்கள் தனித்தனியே ஒரே தோற்றத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. வெளித்தோற்றத்தை நம்பினால், பக்கத்து வீட்டுக்காரரை அண்ணன் தம்பி என்று எழுதிவைத்தது போலாகிவிடும்.

அதனால், ஆய்வாளர்கள் உள்ளே பார்க்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது?

* கீழ் ஓட்டில் இரண்டு பற்கள். மேல் ஓட்டில் அவை பொருந்தும் இரண்டு குழிகள். கதவுக் கீல் போன்ற ஏற்பாடு.

* அந்தப் பற்களைக் கீழிருந்து தாங்கும் இரண்டு சன்னமான சுவர்கள். சில இனங்களில் இவை நேராக நிற்கும், சிலவற்றில் சாய்ந்திருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது.

* மேல் ஓட்டின் நடுவே ஒரு தடுப்புச் சுவர். இது நீளமா, குட்டையா, அதன் மேல் கிண்ணம் போன்ற பள்ளம் உண்டா என்பதெல்லாம் கணக்கு.

* மிக முக்கியமானது, உணவு சேகரிக்கும் உறுப்பைத் தாங்கும் கால்கள். இந்த உயிரிக்குத் தண்ணீரை இழுத்து உணவை வடிகட்டும் நுண்ணிய இழைகள் கொண்ட ஒரு சதை உறுப்பு உண்டு. அது ரிங்கோனெல்லிட்டில் இரண்டு கொக்கிகளில் தொங்கும். டெரப்ராடுலிட்டில் அந்தக் கொக்கிகள் நீண்டு, நாடா போன்ற வளையமாக இணைந்துவிடும்.

சதை எப்போதோ அழுகிப் போய்விட்டது. ஆனால், அதைத் தாங்கிய கொக்கியும் வளையமும் ஓட்டின் அதே சுண்ணாம்பால் ஆனவை என்பதால் கல்லுக்குள் தப்பித்து நிற்கின்றன. கொக்கியின் வளைவு எந்தப் பக்கம், நுனி தட்டையா கூரா என்பதை வைத்தே ஓர் இனத்தின் வம்சம் முடிவாகிறது.

லண்டன் ஆவணத்தில் கட்ச்சின் பெயர்

இந்தச் சிப்பிகளைத் தேடிய கதையில் நம் அரியலூருக்கும் ஓர் இணைப்பு இருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா, அரியலூர் - திருச்சி வட்டாரத்தின் கடல் புதைபடிவங்களைப் பெரிய தொகுதிகளாக விவரித்தவர். அங்குள்ள பிராக்கியோபாட்களும் அவற்றில் அடக்கம். அவை ஜுராசிக்குக்கு அடுத்த கிரெட்டேஷியஸ் காலத்தைச் சேர்ந்தவை. அதே ஸ்டோலிக்ஸ்காதான் 1870-களின் தொடக்கத்தில் கட்ச் பாறைகளை அடுக்கு அடுக்காக ஆராய்ந்தார். 1874-ல் லடாக் பகுதியில், ஒரு பயணத்திலிருந்து திரும்பும் வழியில், 36 வயதில் இறந்துபோனார். அவரது நினைவுச்சின்னம் லே நகரில் இருக்கிறது.

கட்ச்சின் பிராக்கியோபாட்களுக்கென்றே தனி நூல் வந்தது 1900-ல். எழுதியவர் எஃப்.எல்.கிச்சின். வரி போட்டவற்றையெல்லாம் 'ரிங்கோனெல்லா' என்றும், வழவழப்பானவற்றை 'டெரப்ராடுலா' என்றும் அன்றைய வழக்கப்படி இரண்டு பெரிய பெயர்களில் அடக்கினார். நுணுக்கமான படங்களோடு வந்த அந்த நூல்தான் இன்றும் அடிப்படை.

அடுத்தவர், எஸ்.எஸ்.பக்மன். இங்கிலாந்துக்காரரான இவர் 1918-ல், பர்மாவின் ஷான் பகுதியில் கிடைத்த பிராக்கியோபாட்கள் பற்றி எழுதிய நூலில், பெரிய மூட்டைகளைப் பிரித்துச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக்கினார். ஓட்டின் உள்பக்கத்தில் பதிந்த தசைத் தழும்புகளுக்கு அவர் முக்கியத்துவம் கொடுத்தார். அப்போது பிறந்த பெயர்கள்தான் 'கட்ச்சிரிங்கியா', 'கட்ச்சிதைரிஸ்'. முதலாவது வரிபோட்ட வகை, இரண்டாவது வழவழ வகை. இரண்டிலும் கட்ச் இருக்கிறது. கூடவே பர்மாவின் பெயரில் 'பர்மிரிங்கியா'வும் வந்தது.

வேடிக்கை அதன்பிறகுதான். இங்கிலாந்தின் ஜுராசிக் சுண்ணாம்புப் பாறைகளில் கிடைத்த, வெளித்தோற்றத்தில் ஒத்த சிப்பிகளும் இதே பெயர்களுக்குள் வந்து சேர்ந்தன. லண்டன் அருங்காட்சியகச் சீட்டுகளில் கட்ச்சும் பர்மாவும் இடம்பிடித்தன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், கட்ச்சில் இருப்பதும் இங்கிலாந்தில் இருப்பதும் உண்மையிலேயே ஒரே வம்சமா? அதற்குப் பதில் ஓட்டுக்கு வெளியே இல்லை.

தேய்க்கத் தேய்க்கத் தெரியும் உண்மை

உள்ளே பார்க்கும் வேலையைச் செம்மைப்படுத்தியவர்களில் முக்கியமானவர், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஹெலன் மூர்-வுட். 1934-ல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியான அவரது ஆய்வுக்கட்டுரையின் பொருளே, ஜுராசிக் உள்ளிட்ட இடைக்காலப் பிராக்கியோபாட்களின் உள் அமைப்புதான்.

அந்த வேலை நடக்கும் விதம் இது. முதலில் சிப்பியை எல்லாப் பக்கமும் படம் எடுத்து, அளந்து, அச்சு வார்த்து ஒரு நகல் எடுத்துக்கொள்வார்கள். ஏன் என்றால், அசல் இனி மிஞ்சப் போவதில்லை. பிறகு சிப்பியை பிளாஸ்டரிலோ ரெசினிலோ பதித்து, மூக்கு நுனியிலிருந்து தேய்க்கத் தொடங்குவார்கள். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் தேய்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் நிறுத்தி, தேய்த்த பரப்பில் நீர்த்த அமிலத்தைத் தடவி, அசிட்டோன் விட்டு, மெல்லிய அசிட்டேட் தாளை ஒட்டி உரிப்பார்கள். அந்தத் தாளில் வெட்டுமுகம் அப்படியே பதிந்திருக்கும். உள் உறுப்புகள் இருக்கும் முதல் 8 மில்லிமீட்டரை இப்படித் தேய்த்தால் 80 தாள்கள்.

தாள்களை வரிசையாக வைத்தால் ஒரு ஃபிளிப் புக் மாதிரி கதை ஓடும். முதலில் மூக்கின் ஒற்றை வட்டம் மட்டும். பிறகு வட்டத்துக்குள் இரண்டு கோடுகள்; அவை பற்களைத் தாங்கும் சுவர்கள். மேல் ஓடு தலைகாட்டும். பல் குழிக்குள் நுழையும். நடுச்சுவர் முளைக்கும். கடைசியில் இரண்டு கொக்கிகளும் சுவரிலிருந்து விடுபட்டு, வெட்டுமுகத்தில் இரண்டு கால்புள்ளிகள் போல மிதக்கும். கொஞ்ச தூரத்தில் அதுவும் மறைந்துவிடும். அந்தக் கொக்கியை முழுசாகப் பார்க்க, எல்லாத் தாள்களையும் மனதில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும்.

இதில் பிழைக்கும் இடமுண்டு. சிப்பியைக் கொஞ்சம் சாய்த்துப் பதித்துவிட்டால், நேரான சுவர் சாய்ந்ததாகத் தெரியும். ஓர் இனத்துக்குள்ளேயே சின்னதற்கும் பெரியதற்கும் அமைப்பு மாறும். ஆகவே ஒன்றைத் தேய்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது, பல வேண்டும். 'மருத்துவமனை மாதிரி சி.டி ஸ்கேன் எடுத்தால் போகிறது' என்று தோன்றும். எடுக்கவும் செய்கிறார்கள். ஆனால், ஓடும் சுண்ணாம்பு, உள்ளே இறுகியதும் சுண்ணாம்பு என்றால், ஸ்கேனுக்கு இரண்டும் ஒரே நிறம்தான். அதனால், தேய்க்கும் கல்லுக்கு இன்னும் வேலை இருக்கிறது. 1993-ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம், ஜுராசிக் ரிங்கோனெல்லிட்களின் உள் அமைப்பை மட்டுமே மையமாக வைத்து ஒரு தனி நூலே வெளியிட்டது.

ஒரு கொக்கி சொல்லும் கண்டத்தின் கதை

ஒரு சிப்பியின் கொக்கி எந்தப் பக்கம் வளைந்தால் நமக்கென்ன?

பிராக்கியோபாட் வளர்ந்தபின் இடம் மாறாது. குஞ்சுப் பருவத்தில் மட்டும் கொஞ்ச காலம் நீந்தும். ஆழ்கடலைத் தாண்டி வெகுதூரம் போவது பெரும்பாலானவற்றுக்குக் கடினம். ஆகவே, ஒரே வம்சம் இரண்டு இடங்களில் இருந்தால், அந்த இரண்டுக்கும் இடையில் ஆழம் குறைந்த கடல் வழி இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம்.

ஜுராசிக் காலத்தில் இந்தியா இன்றைய இடத்தில் இல்லை. மடகாஸ்கரோடு ஒட்டிக்கொண்டு, ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில், பூமியின் தெற்குப் பாதியில் இருந்தது. அப்போது விரியத் தொடங்கியிருந்த கடலின் ஒரு மூலைதான் கட்ச். எத்தியோப்பியா, சோமாலியா, அரேபியா, மடகாஸ்கர், கட்ச் ஆகிய பகுதிகளின் கடல் உயிர்களைச் சேர்த்து 'எத்தியோப்பிய மாகாணம்' என்று ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள். மூர்-வுட் 1935-ல் சோமாலிலாந்துச் சிப்பிகளை ஆராய்ந்து, அங்குள்ள டகானி என்ற ஊரின் பெயரால் 'டகானிரிங்கியா' என்று ஒரு வகைக்குப் பெயர் வைத்தார். கட்ச் சிப்பியின் கொக்கியும் சுவரும் இங்கிலாந்து உறவோடு பொருந்துகின்றனவா, சோமாலியா உறவோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பது, அன்றைய கடல் வழிகளின் வரைபடத்தைச் சரிபார்ப்பதற்குச் சமம். வெளித்தோற்றத்தை வைத்துத் தவறாகச் சேர்த்த ஒரு பெயர், இல்லாத கடல்வழி ஒன்றை வரைபடத்தில் திறந்துவிடும்.

எடுத்து வந்தால் என்ன போச்சு?

'இவ்வளவு கிடக்கிறதே, நினைவாக ரெண்டு எடுத்துக்கொண்டால் என்ன?' என்று பயணிகளுக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால், எந்த டோமில், எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியும் வரைதான் அந்தச் சிப்பிக்கு மதிப்பு. அலமாரிக்குப் போய்விட்டால் அது வெறும் அழகான கல். முகவரி இல்லாத சிப்பியைத் தேய்த்துப் பார்த்தாலும் வரைபடத்தில் வைக்க இடமிருக்காது. ஆய்வுக்கே பல சிப்பிகளைப் பலி கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதால், அடுக்கில் மிஞ்சியிருக்கும் ஒவ்வொன்றும் அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கான சேமிப்பு.

புதைபடிவத் தலங்களைப் பாதுகாக்க, புவிப் பாரம்பரியத் தலங்கள் தொடர்பான ஒரு வரைவு மசோதாவை மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் கருத்துக் கேட்புக்காக வெளியிட்டது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து போட்டோ எடுத்துக்கொண்டு, சிப்பியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வருவதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

எப்படிப் போகலாம்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை சரியான காலம். மற்ற மாதங்களில் வெயில் வாட்டிவிடும். திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் காந்திதாமுக்கு வாராந்திர ரயில்கள் உண்டு. அங்கிருந்து பூஜ் சாலைவழியாக ஒன்றரை மணி நேரத்துக்குள். பூஜுக்கு விமானமும் உண்டு.

டோம்களுக்குப் போக விவரம் தெரிந்த உள்ளூர் வழிகாட்டியும், போதிய தண்ணீரும், கெட்டியான ஷூவும் அவசியம். அவ்வளவு தூரம் நடக்க முடியாதவர்களுக்குக் காலா டுங்கர் இருக்கிறது. கட்ச்சின் உயரமான மலை இது. இதுவும் ஜுராசிக் பாறைகளால் ஆனதுதான். உச்சியில் தத்தாத்ரேயர் கோயில். அங்கே நரிகளுக்குப் பிரசாதம் வைக்கும் வழக்கம் உண்டு. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை ரண். பூஜ் நகரில் 1877-ல் தொடங்கப்பட்ட கட்ச் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாம்.

கட்ச் வரை போக முடியாதவர்கள் அரியலூர் பக்கம் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஓடுகளில் எது மட்டி, எது விளக்குச் சிப்பி என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மூக்கில் துளை இருக்கிறதா, இடமும் வலமும் ஒத்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். உள்ளே இருக்கும் கொக்கியை மட்டும் ஆய்வாளர்களிடம் விட்டுவிடலாம்.